கொடியில் உடைந்த பல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஒரு பிரெஞ்சுப் படத்தில், ஒரு இரத்தக் காட்டேரி என் கழுத்தைக் கடிக்க வந்தது. இதை நான் சொன்னால் எங்கள் ஆட்கள் படத்தின் பெயரைக் கேட்பதில்லை. "அப்ப உங்கட மனுசன் விட்டவரோ?" என்றுதான் கேட்பார்கள். விட்டார். விட்டதால் அவருக்கு என்ன வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் அப்போது சுவிஸில், லோசானுக்குப் பக்கத்தில், ஏரிக்கரை ஊர் ஒன்றில் இருந்தோம். இவர் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினார். நான் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்தேன். எங்கள் சனம் பெரும்பாலும் ஜெர்மன் பேசுகிற பக்கத்தில், எம்மன்புரூக்கேயிலும் பேர்ணிலும் பாசலிலும் இருந்தது. அவர்களுக்குப் பிரெஞ்சுப் பக்கத் தமிழரென்றால் ஒரு இளக்காரம். கோயிலுக்குத் தூரம், கடைக்குத் தூரம், மிளகாய்த்தூள் முடிந்தால் ரயிலேற வேண்டிய சனம் என்று எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பவர்களில் முதலிடம் என் மச்சாளுக்கு. இவருடைய ஒரே அக்கா, எம்மன்புரூக்கேயில் இருந்தார். இவரை ஊரிலிருந்து கூப்பிட்டதும் அவர்தான், எனக்கும் இவருக்கும் கலியாணம் பேசியதும் அவர்தான், என் கழுத்தில் ஏறிய தாலிக்கொடியைச் செய்வித்ததும் அவர்தான். இந்த மூன்றையும் மறந்துவிடாமல் இருக்க அவரே எங்களுக்கு உதவி செய்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டெலிபோன் எடுப்பார்.

கொடி பதினைந்து பவுண். அதை நான் நிறுத்துப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய தேவையும் வரவில்லை. சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள், கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் நாலு பெண்கள் வந்து என் கொடியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, கண்ணை மூடி, "பாரந்தான்" என்பார்கள். மச்சாள் பக்கத்தில் நின்று, "பதினைஞ்சு" என்பார். எங்கள் கலியாண வீடியோவில் மாப்பிள்ளையின் முகம் வந்த நேரத்தைவிட அந்தக் கொடி வந்த நேரம் கூட. வீடியோக்காரர் கிட்டக் கொண்டுபோய் எடுக்க, மச்சாளின் விரல் ஒன்று வந்து அதைத் தூக்கிக் காட்டும். யாழ்ப்பாணத்தில் அந்தக் கசெட்டைப் போட்டுப் பார்த்த என் அம்மா, அந்த இடத்தில் நிறுத்தித் திரும்பவும் பார்த்தாராம்.

இனி காட்டேரிக்கு வருகிறேன்.

மலைச்சரிவில் கனகாலம் பூட்டிக் கிடந்த ஒரு பழைய கோட்டையில் படம் எடுக்கப் பிரான்சிலிருந்து ஒரு கூட்டம் வந்து எங்கள் ஹோட்டலில் இறங்கியது. பாதி அறைகள் அவர்களுக்குத்தான். குளியல் தொட்டியெல்லாம் சிவப்புச் சாயம், தலையணை உறையெல்லாம் வெள்ளைப் பவுடர். நான் அவர்களைத் திட்டித் திட்டித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வாயில் சிகரெட்டோடு ஒரு மெலிந்த பெண் விறாந்தையில் நின்று என்னையே பார்த்தாள். இயக்குநரின் உதவியாளர். படத்தில் நடிக்க விருப்பமா என்று கேட்டாள். என்ன வேஷம் என்று கேட்டேன். ஹோட்டலில் துப்புரவு செய்யும் பெண் என்றாள். பிரான்சிலிருந்து இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்து, ஏரியையும் மலையையும் தாண்டி வந்து, ஒரு கறுத்த பெண்ணைப் பார்த்தவுடன் இவர்களுக்கு வந்த கற்பனை அவ்வளவுதான். "நீங்கள் நீங்களாகவே இருந்தால் போதும்" என்றும் சொன்னாள்.

படத்தின் கதையையும் அவள்தான் சொன்னாள். சொந்தக் கோட்டையைப் பறிகொடுத்த ஒரு கிழட்டுக் காட்டேரிப் பிரபு, சவப்பெட்டியோடு சாமான் ரயிலில் ஒளிந்து சுவிஸுக்கு வருகிறார். எல்லையில் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் ஊர் அலுவலகத்தில் பதியச் சொல்கிறார்கள். பகலில் மட்டுந்தான் அலுவலகம் திறந்திருக்கும், அவரோ பகலில் வெளிக்கிட முடியாதவர். இரத்தம் பட்ட சட்டையைத் துவைக்கப் போனால், துவைக்கும் அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறப்பை உங்கள் முறை நாளில்தான் தருவோம் என்று கீழ் வீட்டுக்காரி துரத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமை சவப்பெட்டி மூடி சத்தம் போட்டதென்று பொலிசு வருகிறது. உதவியாளர் பெண் இதைச் சொல்லிச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்க இதில் என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. சவப்பெட்டியைத் தவிர மற்ற எல்லாம் எங்கள் எல்லாருக்கும் நடந்ததுதான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"நடிக்கப் போறீரோ?" முகமெல்லாம் சிரிப்பு. "என்ன வேஷமப்பா?"

"இரத்தக் காட்டேரி கடிக்கிற வேலைக்காரி."

"எங்க கடிக்கும்?"

"காட்டேரி எங்க கடிக்கும்? கழுத்திலதான்."

சிரிப்பு நின்றது. எழுந்து போய் அக்காவுக்கு டெலிபோன் எடுத்தார். எங்கள் வீட்டில் எந்தச் சட்டமும் எம்மன்புரூக்கேயில்தான் நிறைவேறும். மச்சாளின் குரல் எனக்கும் கேட்டது.

"என்ன கிலிசகேடடா இது! கண்ட வெள்ளைக்காரன் கழுத்தில வாய் வைக்கிறதோ? சரி, கடிக்கிறவனுக்கு எத்தினை வயசு?"

இவர் என்னைப் பார்த்தார். அறுபதுக்கு மேல், ஒரு காது கேளாது, படியேற ஆள் பிடிக்க வேண்டும் என்றேன். அது அங்கே போய்ச் சேர்ந்தது.

"அப்ப பரவாயில்லை. கழுத்து மூடின சட்டை போடச் சொல்லு."

கழுத்து மூடிய சட்டைக்கு மேலால் காட்டேரி எப்படிக் கடிக்கும் என்று இருவரும் யோசிக்கவில்லை. எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

படப்பிடிப்பு நாளன்று விடிய முந்திப் போய்விட்டேன். பஸ் அப்படி. கோட்டையில் ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. ஒரு பையன் மட்டும் வந்து, தலைக்கு ஒரு வெள்ளைத் துணியும் கையில் வாளியும் தும்புத்தடியும் தந்து, மேல்மாடி விறாந்தையில் நிற்கச் சொல்லிவிட்டுப் போனான். விறாந்தையைப் பார்க்கச் சகிக்கவில்லை. சுவரெல்லாம் சிலந்தி வலை, நிலமெல்லாம் அரை விரல் புழுதி, மெழுகுவர்த்திக் கம்பமெல்லாம் கறை. கையில் வாளி இருக்கிறது, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கிறது, சும்மா நிற்பது எப்படி? அவர்கள் வந்து சேர முன்னர் அந்த விறாந்தையைக் கண்ணாடி போல ஆக்கிவிட்டேன்.

முதலில் வந்த தாடிக்காரர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் குந்தினார். அந்தப் புழுதியும் வலையும் அவரும் அவருடைய ஆட்களும் முதல்நாள் முழுக்க ஏணி வைத்து ஏறி, குழாயால் ஊதி ஊதிச் செய்தவையாம். உள்ள தூசி போதாதென்று பாரிஸிலிருந்து தூசி கொண்டுவந்திருக்கிறார்கள். இயக்குநர் வந்தார், பார்த்தார், சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார். என்னில் ஒருவரும் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. என்னை 'நீங்கள் நீங்களாக இருங்கள்' என்றவர்கள் நான் நானாக இருந்ததைத்தானே பார்த்தார்கள்.

புழுதி திரும்ப ஊதப்படும்வரை என்னை உடுப்பு அறைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கேதான் பிரச்சினை. உடுப்புப் பொறுப்பாக இருந்த அம்மா என் சட்டைக் கழுத்தை விரித்துப் பார்த்து, "மதாம், இந்தச் சங்கிலியைக் கழற்றுங்கள்" என்றார்.

முடியாது என்றேன். ஏன் என்றார். கலியாணச் சங்கிலி என்றேன். தன் விரலைக் காட்டி, மோதிரம் மாதிரியா என்றார். மோதிரத்தைப் பாத்திரம் கழுவக் கழற்றலாம், இதைப் பாயில் படுத்தாலும் கழற்றமாட்டோம், புருஷன் உயிரோடு இருக்கும்வரை கழற்றமாட்டோம் என்றேன். என் பிரெஞ்சில் அது என்னமாய் வந்ததோ தெரியாது, அந்த அம்மா பயந்துபோய் இயக்குநரைக் கூப்பிட்டார். அவர் வந்து கொடியைப் பார்த்தார். எங்கள் பெண்களைப் போலவே ஒரு விரலால் தூக்கினார். அவருடைய கண் விரிந்தது.

"தங்கமா?"

"தங்கம். பதினைந்து பவுண்" என்றேன். பவுண் என்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை.

"அப்படியானால் பல் உடையட்டும்!" என்று கத்தினார்.

அந்த இடத்திலேயே காட்சி மாறியது. நான் குனிந்து நிலம் துடைப்பேன். பிரபு பின்னால் வருவார். வாயைப் பிளந்து கழுத்தில் பாய்வார். கொடியில் பட்டு அவருடைய கோரைப்பல் 'டக்' என்று உடைந்து என் வாளிக்குள் விழும். நான் அதை எடுத்துப் பார்த்து, குப்பை என்று பையில் போட்டுவிட்டுத் தொடர்ந்து துடைப்பேன். அவ்வளவுதான் என் நடிப்பு. காட்டேரியாக வந்த கிழவர் நல்ல மனிதர். ஒவ்வொரு தடவையும் பாய முன்னர், "மன்னியுங்கள் மதாம்" என்று சொல்லிவிட்டுத்தான் பாய்வார். பல் சுண்ணாம்பு போன்ற ஏதோ ஒன்றில் செய்தது. பெட்டி நிறைய வைத்திருந்தார்கள். சிவப்புப் பாகும் ஒவ்வொரு தடவையும் வழிந்து என் கழுத்தும் கொடியும் பிசுபிசுத்துப் போயின.

மத்தியானம் எல்லாம் முடிந்து, ஒப்பனைக்காரப் பெண் என்னைக் கதிரையில் இருத்தித் துடைத்தாள். பஞ்சில் ஏதோ நெடியடிக்கும் திரவம் ஊற்றிக் கழுத்தைத் துடைத்தாள், பிறகு கொடியைத் துடைத்தாள். பஞ்சு முதலில் சிவந்தது. பிறகு மஞ்சளாக மினுங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். கொடியின் பூட்டுப் பக்கத்தில் விரலகலத்துக்கு வெள்ளை உலோகம் தெரிந்தது.

அந்தப் பெண் பதறிப்போனாள். தன் மருந்துதான் என் தங்கத்தைக் கெடுத்துவிட்டதென்று நினைத்து ஆயிரம் மன்னிப்புக் கேட்டாள். எந்த மருந்துக்கும் தங்கம் அப்படிக் கரையாது என்று எனக்குத் தெரியும். கண்ணாடிக்குள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவசரமாகத் தன் பெட்டியைத் திறந்து, சிம்மாசனத்துக்கும் கிரீடத்துக்கும் பூசுகிற தங்க மை ஒன்றை எடுத்து, மெல்லிய தூரிகையால் அந்த இடத்தை மறைத்து, ஊதிக் காயவைத்தாள். நல்ல கைவேலை. பார்த்தால் தெரியாது.

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிவிட்டு, நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரால் தாலியைத் துடைத்துப் பார்த்தேன். அதில் ஒன்றும் வரவில்லை, அது அசல் பவுண். கொடியின் உள்பக்கத்தை இரண்டு மூன்று இடத்தில் துடைத்தேன், எல்லா இடத்திலும் மஞ்சள் வந்தது, முழுக்கப் பூச்சு. பாரம் வரவேண்டும் என்று உள்ளே ஈயமோ என்னமோ வைத்துச் செய்திருக்கிறார்கள். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பவுணுக்காக அழுதேன் என்று நினைக்காதீர்கள். இத்தனை பேர் விரலால் தூக்கித் தூக்கிப் பார்க்க, நான் ஒரு விசரி போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேனே என்றுதான் அழுதேன். அழுகை நின்ற பிறகு ஒரே ஒரு கேள்வி மிஞ்சியது. மச்சாளுக்குத் தெரியும், அவர் செய்வித்தது. இவருக்குத் தெரியுமா?

வேலையால் வந்தவரிடம் பல் உடைந்த கதையைச் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. "கொடிக்கு ஒண்டும் இல்லையே?" என்றார். அது அக்கறையா பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அக்கறை என்று நினைக்கத்தான் ஆசைப்பட்டேன். கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டு வருகிற பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தானாக ஒரு நாள் சொல்வார் என்று விட்டுவிட்டேன். நத்தார் போனது, பொங்கல் போனது, சித்திரை வருசம் போனது. இவர் எல்லாம் சொன்னார், முதலாளியின் வெங்காயப் பிரச்சினையைக்கூடச் சொன்னார், இதைச் சொல்லவில்லை.

படம் தியேட்டரில் வந்து, யாரும் கவனிக்க முன்னர் போய்விட்டது. அடுத்த வருசம் டீவியில் போட்டார்கள். இவர் கசெட்டில் பதிந்தார். அதற்குள் கதை ஜெர்மன் பக்கம் பரவிவிட்டது. வெள்ளைக்காரன் கழுத்தில் வாய் வைத்த கிலிசகேடு போய், எங்கள் கொடியில் வெள்ளைக்காரனின் பல் உடைந்த பெருமை வந்துவிட்டது. மச்சாளே டெலிபோன் எடுத்தார். "சனிக்கிழமை கசெட்டோட வாங்கோ. ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன்." சனிக்கிழமை காலை நான் ஒரு நூலை மஞ்சளில் தோய்த்துக் காயவைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

மச்சாள் வீட்டில் இருக்க இடமில்லை. சோபாவில் பெண்கள், நிலத்தில் பிள்ளைகள், கதவடியில் ஆண்கள், தட்டுகளில் ரோல்ஸ். ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. அரை மணித்தியாலமாக நான் மொழிபெயர்த்தேன். துவைக்கும் அறைத் திறப்பு வந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. "உண்மைதானே, எங்கட வீட்டுக்காரியும் உப்பிடித்தான்" என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். பிறகு நான் வந்தேன், வாளியோடு. அறை முழுக்க ஒரே ஆரவாரம். கிழவர் பாய்ந்தார். பல் தெறித்தது.

அந்தக் கணத்தில் எல்லாரும் டீவியைப் பார்த்தார்கள். நான் இவரைப் பார்த்தேன். இவர் தன் அக்காவைப் பார்த்தார். அக்காவும் இவரைப் பார்த்தார். கண் பட்டதும் இரண்டு பேரும் திரும்பி மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தார்கள்.

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

டீவியில் பிரபு வாயைப் பொத்திக்கொண்டு புலம்பினார். "என்ன சொல்லுறான்?" என்று மச்சாள் கேட்டார். இந்த நாட்டில் கழுத்தைக்கூடப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று பிரபு சொன்னார்.

"கொடி நல்ல தடிப்பாம், மச்சாள்" என்றேன்.

"பின்னை? பதினைஞ்சு பவுண்! பல் உடையாமல் என்ன செய்யும்?" என்று மச்சாள் சபையைப் பார்த்துச் சொன்னார். பெண்களின் கைகள் என் கழுத்துக்கு நீண்டன. நான் எழுந்து குசினிக்குப் போனேன்.

தேத்தண்ணி போட வந்த மச்சாளுக்கு முன்னால் கொடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். பூட்டுப் பக்கத்தை நகத்தால் சுரண்டினேன். தங்க மை உதிர்ந்தது. மச்சாள் கதவைச் சாத்தினார்.

"உன்ர மனுசனை இஞ்ச எடுக்க என்ர கொடியை வித்தனான்" என்றார் மெதுவாக. "ஆமிக்காரன் அவனைப் பிடிச்சு வைச்சிருந்தவன். விக்காமல் என்ன செய்யிறது? பிறகு உனக்குப் பதினைஞ்சு பவுணுக்கு நான் எங்க போறது? ரெண்டு கொடியும் ஒரே கடையிலதான் செய்வித்தது." தன் கழுத்தில் கிடந்ததை எனக்கு முன்னால் தூக்கிக் காட்டினார்.

இவ்வளவு நாளும் ஊரெல்லாம் என் கொடியைத் தூக்கிக் காட்டியவரின் கழுத்திலும் ஈயம்.

"சொல்லியிருக்கலாமே மச்சாள். மஞ்சள் கயித்தோட வந்திருப்பன்."

"நீ வந்திருப்பாய். உன்ர கொம்மா விட்டிருப்பாவோ? முதல் கடிதத்திலயே அவ பெடியன்ர வேலையைக் கேக்கேல்லை, கொடி எத்தினை பவுண் எண்டுதான் கேட்டவ."

அம்மா கேட்டிருப்பார். என் அம்மாவை எனக்குத் தெரியும்.

தாலியைக் கொடியிலிருந்து பிரித்து, கைப்பையிலிருந்த மஞ்சள் நூலில் கோத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சபை முழுக்க என் கழுத்தைப் பார்த்தது. இவர் கதவடியில் வெளிறிப்போய் நின்றார். மச்சாள் தேத்தண்ணித் தட்டோடு எனக்குப் பின்னால் நின்றார்.

"கொடி அறுந்துபோச்சு" என்றேன். "அந்தக் காட்டேரி கடிச்ச இடம்."

"ஐயோ! நல்லகாலம், உம்மட கழுத்து தப்பிச்சுது" என்றார் ஒருவர். வெள்ளைக்காரனின் பல்லைப் பற்றி இன்னொருவர் வியந்தார். "நான் திருத்தக் குடுக்கிறன்" என்றார் மச்சாள் உடனே. அந்தக் கொடி இன்னும் திருத்தி வரவில்லை.

பின்னேர ரயிலில் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்தோம். கனநேரம் கழித்து இவர் கேட்டார்.

"எப்ப தெரியும்?"

"படம் எடுத்த அண்டைக்கு."

"அது ரெண்டு வருசத்துக்கு முந்தியெல்லோ. பிறகேன் கேக்கேல்லை?"

"கொடிக்காக உங்களைக் கேக்க எனக்கு ஒண்டுமில்லை. உங்களை வெளியில எடுக்கத்தான் அக்கான்ர கொடி போனதெண்டு இண்டைக்குத்தான் அறிஞ்சன். இவ்வளவு நாளும், நீங்களாச் சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்."

இவர் வாயைத் திறந்தார். அப்போது டிக்கெட் பார்ப்பவர் வந்தார். எனக்கும் சேர்த்து இவரே எடுத்துக் காட்டினார். அவர் போன பிறகு அந்த வாய் திறக்கவில்லை. பேர்ணில் ரயில் மாறவேண்டும். எப்போதும் இவர் முன்னால் போவார், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன். அன்று நான் பையை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தேன். கொஞ்சத்தூரம் போனதும், பின்னால் இவர் பையோடு ஓடிவரும் சத்தம் கேட்டது. நான் நிற்கவில்லை.